இறால்மீது போட்ட பழி

இந்த ஒரு கதையை மட்டும் என்னால் உட்கார்ந்தபடி சொல்ல முடியாது. வீட்டில் யாரிடமாவது சொன்னாலும் பாதியில் எழுந்து நின்றுவிடுவேன். இப்போது எழுதும்போதே பாருங்கள், நாலு வரி முடிவதற்குள் இரண்டு தடவை சமையலறை வரை நடந்துவிட்டு வந்தேன். நடந்து பல வருஷம் ஆகிவிட்டது, படபடப்பு மட்டும் போகவில்லை.

மருந்துக் கடைக் கவுன்டருக்குள் இப்போதுதான் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நுழைந்திருக்கிற பிள்ளைகளே, இது உங்களுக்குத்தான். கும்மிடிப்பூண்டியில் ஒரு மருந்துக் கடையில் இருபத்தெட்டு வருஷம் மருந்தாளுநராக நின்றவள் நான். ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வருவேன். எந்த மருந்தை எந்தத் தட்டில் வைப்பது, எதைக் குளிர்பெட்டியில் வைப்பது என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருப்பார்கள். நான் சொல்லப்போவது, எல்லாம் தெரிந்தவள் என்று பேர் வாங்கிய ஒருத்தி கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே எப்படி ஏமாந்தாள் என்பதை.

எங்கள் கடையில் கூட்டம் ஷிஃப்டைப் பார்த்துத்தான் வரும். தொழிற்பேட்டையில் மதிய ஷிஃப்ட் மாறினதும் கவுன்டருக்கு முன்னால் தலைகள்தான் தெரியும். ஒருவருக்கு முதுகு வலி, ஒருவருக்கு உலைச் சூட்டில் கண் எரிச்சல், ஒருவருக்கு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். அந்த நேரத்தில் கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். என்னுடைய கை ரொம்ப வேகம் என்று எல்லாரும் சொல்வார்கள், எனக்கும் உச்சி குளிரும். அந்த வேகம்தான் என்னைக் கவிழ்த்தது.

கன்னியம்மா பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. ஐம்பதைத் தாண்டிய உடம்பு, கணீரென்ற குரல். விடியற்காலை பஸ்ஸில் இறால் கூடையோடு வந்து கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றுவிட்டு, மதியத்துக்கு மேல் திரும்புவாள். மகன் தேசப்பன் இங்கேயே ஒரு இரும்பு ஆலையில் வேலை. அவளுக்கு ரத்தக் கொதிப்பு என்று ஒரு டாக்டர் எனலாப்ரில் எழுதிக் கொடுத்தார். தினமும் காலையில் ஒன்று. மாதா மாதம் சீட்டைக் கொண்டுவந்து எங்களிடம்தான் வாங்குவாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் காலை மாத்திரை என்றால் கவரின்மேல் ஒரு சூரியன் வரைந்து கொடுப்பது எங்கள் கடை வழக்கம். அந்தக் கவரை இடுப்புச் சுருக்குப் பையில் வெற்றிலையோடு சேர்த்துச் செருகிக்கொள்வாள்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் வந்து, "மேடம், தொண்டையில இன்னாவோ கூசிக்கினே கீது. இருமல் நிக்க மாட்டேங்குது, சளியும் வரல" என்றாள்.

"ஐஸ் பெட்டி பக்கத்துலயே குந்திக்கினு இருந்தா இருமாம இன்னா பண்ணும்?" என்று கிண்டல் செய்து ஒரு இருமல் டானிக் கொடுத்தேன். அது தீர்ந்ததும் இன்னொன்று கொடுத்தேன். மூன்றாவது பாட்டில் வாங்க வந்தபோது, "உங்க டானிக்கு தித்திப்பா நல்லாத்தான் கீது மேடம், இருமல்தான் அப்படியே கீது" என்று சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் உதடு. கீழ் உதடு மட்டும் ஒரு பக்கம் வீங்கிப்போய், முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "என்ன சாப்பிட்டீங்க?" இறால் குழம்பு என்றாள். இறால் விற்கிறவள் வேறு எதைச் சாப்பிடுவாள்? ஆனால் அந்தப் பதில் என் காதில் விழுந்ததுமே கேஸ் முடிந்துவிட்டது. ஒவ்வாமை என்று சொல்லி, வழக்கமாகக் கொடுக்கிற அலர்ஜி மாத்திரையைக் கொடுத்தேன். மறுநாள் வீக்கம் வடிந்தது. மார்க்கெட் முழுக்க என் பெருமையைச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அன்றைக்குத் தலையில் கொம்பு முளைக்காத குறைதான்.

அடுத்த மாதம் இரண்டு உதடும், கூடவே ஒரு கன்னமும் வீங்கின. "இந்த வாட்டி எறாவே தின்னல மேடம். உரிச்சேன், அவ்ளோதான்" என்றாள். இங்கேதான் கவனியுங்கள். அவள் சொன்னது என் கணக்குக்கு ஒத்துவரவில்லை. நான் கணக்கை மாற்றினேனா? இல்லை. அவள் சொன்னதை வளைத்தேன். "சில பேருக்குத் தொட்டாலே ஒத்துக்காது" என்று பெரிய மேதை மாதிரி சொல்லி, அதே மாத்திரையைக் கொடுத்து, இனிமேல் இறால் பக்கமே போகாதே என்று அனுப்பினேன்.

தேசப்பன் அம்மாமேல் உயிராக இருக்கிறவன். நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அவளை மார்க்கெட்டுக்கே போக விடவில்லை. கூடையைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டான். கன்னியம்மா வீட்டோடு இருந்தாள். இடையில் ஒருநாள் மாதாந்திர மாத்திரை வாங்க வந்தவள், கவரை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"மேடம், ஏரியில பொறந்தவ நானு. நடக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடி எறா தின்னவ. அது எனக்கு ஆவாதுன்னா, நான் இன்னாத்துக்கு இருக்கணும்?" என்று கேட்டாள். கணீர்க் குரல் அன்றைக்கு இல்லை.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும், வயசானால் உடம்பு மாறும் என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். அவள் கையில் கொடுத்த கவரில் நானே வரைந்த சூரியன் இருந்தது. இன்று நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மூன்றாவது தடவை ஷிஃப்ட் மாறுகிற நேரம், கவுன்டரில் நல்ல நெரிசல். ஒரு ஷேர் ஆட்டோ கடை வாசலிலேயே ஏறி நின்றது. தேசப்பன் ஆட்களை விலக்கிக்கொண்டு அம்மாவைத் தாங்கிப் பிடித்து வந்தான். அவள் முகம் அடையாளமே தெரியவில்லை. உதடு இரண்டும் தடித்து வெளியே தள்ளியிருந்தன, நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை, எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"மேடம், அந்த அலர்ஜி மாத்திரை ரெண்டு குடுங்க, சீக்கிரம். ரொம்ப பேஜாரா கீது" என்றான்.

என் கை அந்த டிராயரைத் திறந்தே விட்டது. மாத்திரைப் பட்டை விரலில் சிக்கிவிட்டது. அப்போது அவன் தானாகவே ஒரு வார்த்தை சொன்னான். "எறாவ கண்ணால கூட பாக்கல மேடம். காலைல வெறும் கஞ்சிதான்."

வெறும் கஞ்சி. மூன்று வாரமாக இறாலைத் தொடவில்லை. கை அப்படியே நின்றது.

"கன்னியம்மா, அரிக்குதா? உடம்புல எங்கயாவது அரிப்பு?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். முழங்கை வரை துணியைத் தள்ளிப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன். தோல் தெளிவாக இருந்தது. ஒரு தடிப்பு கிடையாது, சிவப்பு கிடையாது. இறால் ஒத்துக்கொள்ளாத உடம்பு இப்படியா இருக்கும்? போன இரண்டு தடவையும் இதைக் கேட்டேனா என்று யோசித்தேன். கேட்கவில்லை.

"ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

அவள் கையை விரித்து இல்லை என்றாள். மகனும், "ஒரு மாத்திரையும் போடல மேடம்" என்றான்.

பின்னால் நின்றவர்கள் சீட்டை நீட்டிக்கொண்டே இருந்தார்கள். அப்போது கன்னியம்மா இருமினாள். அந்த வறட்டு இருமல், நான் மூன்று பாட்டில் டானிக் கொடுத்தும் நிற்காத இருமல். நான் தேசப்பன் சட்டையைப் பிடித்தேன். "காலைல எழுந்ததும் உங்க அம்மா இன்னா போடுவாங்க? தினமும்?"

"பிரஷர் மாத்திரை. அது டெய்லி போடறதாச்சே மேடம்" என்றான், இதையெல்லாம் எதற்குக் கேட்கிறாள் என்கிற முகத்தோடு.

பிள்ளைகளே, அந்த நிமிஷம் எனக்குள் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பயமும் வெளிச்சமும் ஒன்றாக வந்தன. எனலாப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். மிகச் சிலருக்கு உதடும் நாக்கும் தொண்டையும் வீங்கும். மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் இருந்துவிட்டுத் திடீரென்றும் வரும். படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். மாத்திரையைக் கொடுத்தது நான், அது கிளப்பின இருமலுக்கு டானிக் கொடுத்தது நான், அது கிளப்பின வீக்கத்துக்குப் பழியைத் தூக்கி இறால்மேல் போட்டதும் நான். எல்லாம் ஒரே கவுன்டர், ஒரே கை.

பட்டையை டிராயரிலேயே போட்டு மூடினேன். இந்த நாக்கோடு மாத்திரையை விழுங்கச் சொன்னால் அதுவே அடைத்துக்கொள்ளும். தேசப்பன் அதற்குள் தண்ணீர் பாட்டிலை அவள் வாயருகே கொண்டுபோனான். தட்டிவிட்டேன், பாட்டில் உருண்டு ரோட்டுக்குப் போனது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் வண்டி தூரத்தில் ஒரு விபத்துக்குப் போயிருக்கிறதாம். ஆட்டோ வாசலிலேயே நிற்கிறது, ஆஸ்பத்திரி பக்கம். கோட்டோடு கவுன்டரைச் சுற்றி வெளியே வந்தேன்.

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தார். "ஷிஃப்ட் டைம்ல கடைய வுட்டு எங்கம்மா போற? அவன்தான் கூட்டிக்கினு போறானே."

"அவன் போனா அங்க எறான்னு சொல்லுவான் சார்" என்றேன். "நான் வர்ற வரைக்கும் சீட்டு மருந்து யாருக்கும் தராதீங்க." அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்க நான் அங்கே இல்லை.

ஆட்டோவில் அவளைப் படுக்க விடவில்லை. முன்னால் குனிந்து உட்காரவைத்து, எச்சிலை விழுங்காமல் வெளியே விடச் சொல்லி என் கோட்டையே கீழே பிடித்தேன். ஜி.என்.டி. சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஆட்டோக்காரர் தப்பான பக்கத்தில் ஏறி ஓட்டினார், நான் கையை வெளியே நீட்டி எதிரே வந்த வண்டிகளையெல்லாம் நிறுத்தினேன். கன்னியம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். மூச்சு உள்ளே போகும்போது ஒரு கீச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

நான் பயந்தபடியே ஆயிற்று. அவசரப் பிரிவுக்குள் நான் நுழைவதற்குள், அம்மாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடின தேசப்பன், "எறா அலர்ஜி டாக்டர், மூணாவது வாட்டி" என்று சொல்லிவிட்டான். பணியில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர், சின்ன வயது, நிதானமான கண்கள். நர்ஸ் ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தார்.

வாயைத் திறந்தால் என் குட்டும் சேர்ந்து வெளியே வரும். அரை நொடி தயங்கினேன், அதை உங்களிடம் மறைக்கவில்லை. அப்புறம் ஒரே மூச்சில் கொட்டினேன். "டாக்டர், நான் மருந்துக் கடைல இருக்கேன். அரிப்பு இல்ல, தடிப்பு இல்ல. மூணு வாரமா இறால் தொடல. ஆறு மாசமா எனலாப்ரில் போடறாங்க, நாலு மாசமா வறட்டு இருமல். இருமலுக்கு நான்தான் டானிக் கொடுத்தேன். ரெண்டு தடவை வீங்கினப்பவும் நான்தான் அலர்ஜி மாத்திரை கொடுத்தேன். இறால்னு சொன்னதும் நான்தான்."

அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஊசியைப் போடச் சொன்னார், ஆனால் அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. "இது ஊசிக்குக் கேக்காம போகலாம். மயக்க மருந்து டாக்டர் தியேட்டர்லதான் இருக்கார், உடனே வரச் சொல்லுங்க" என்றார். அன்றைக்கு ஆபரேஷன் இருந்த நாள், அது அவள் அதிர்ஷ்டம். மயக்க மருந்து டாக்டர் கையுறையோடு ஓடிவந்தார். எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

தேசப்பன் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். "மேடம், அது உடம்புக்கு நல்லதுன்னுதான நான் தெனம் கையில எடுத்துக் குடுத்தேன்" என்றான். மாத்திரையைச் சொல்கிறான். பக்கத்தில் நானும் தரையில் உட்கார்ந்தேன். அழுதேன், அதைச் சொல்ல வெட்கம் இல்லை.

கதவு திறந்தது. மூக்கு வழியாக மூச்சுக் குழாய் போட்டாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குழாய் நுழைய இடம் இருந்திருக்காது என்றார் மயக்க மருந்து டாக்டர். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பின பிறகு அந்தப் பெண் டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"போன ரெண்டு தடவையும் உங்க மாத்திரையால வடிஞ்சுதுன்னு நினைச்சீங்களா? அது ஒண்ணு ரெண்டு நாள்ல தானாவே வடியும்" என்றார். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. நான் செய்யாத ஒன்றுக்குக் கிடைத்த பெருமையில்தான் இரண்டு மாதம் மிதந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். ரத்தக் கொதிப்புக்கு வேறு வகை மாத்திரை எழுதினார்கள். இந்த வகை எந்தப் பெயரில் வந்தாலும் ஆயுசுக்கும் கூடாது என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். கன்னியம்மா பிழைத்தாள்.

கதை அதோடு முடியவில்லை, அடுத்த தப்பு வரிசையில் நின்றது. அந்தக் குப்பத்தில் செய்தி எப்படிப் பரவும் தெரியுமல்லவா? 'பிரஷர் மாத்திரை தின்னா தொண்ட அடைக்கும்' என்று பரவிவிட்டது. மாதா மாதம் வருகிற முகங்கள் சில வரவில்லை. ஒருவர் கவரை அப்படியே திருப்பிக் கொடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொதிப்பு மாத்திரையைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தினால் பக்கவாதத்தில் போய் விழலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் குப்பத்துக்கே போனேன். வலை காயப்போட்டிருந்த இடத்தில் நின்று தொண்டை கிழியப் பேசினேன். முக்கால்வாசிப் பேருக்கு இது ஒன்றும் செய்யாது, வறட்டு இருமல் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார், உதடு வீங்கினால் என் கடைக்கு வராதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றேன். யாரும் நம்புகிற மாதிரி தெரியவில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த கன்னியம்மாதான் எழுந்து வந்தாள். சுருக்குப் பையிலிருந்து புது மாத்திரையை எடுத்து எல்லார் முன்னாலும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"எனக்கு ஒத்துக்காதது ஒண்ணு. அத்த மாத்திக் குடுத்தாங்க, நான் போட்டுக்கினுதான் கீறேன்" என்றாள். என் அரைமணி நேரப் பேச்சு செய்யாததை அது செய்தது.

பக்கவிளைவைப் பற்றிப் பேசும்போது இரண்டு பக்கமும் பள்ளம் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். சொல்லாமல் விட்டாலும் ஆபத்து, பயமுறுத்தி அனுப்பினாலும் ஆபத்து. ஆளைப் பார்த்து, நிறுத்தி, இரண்டு வாக்கியம் பேச வேண்டும். கூட்டம் நின்றால் நிற்கட்டும்.

அடுத்த வாரம் கடை வாசலில் அந்தக் கணீர்க் குரல் கேட்டது. கூடையோடு நின்றாள். இருமல் போயே போய்விட்டதாம். ஒரு டப்பாவைக் கவுன்டர்மேல் வைத்தாள், உள்ளே மிளகு போட்டு வறுத்த இறால்.

"நேத்து வயிறு முட்டத் தின்னேன் மேடம். ஒண்ணும் ஆவல" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பாவம் அந்த எறா, இன்னா பண்ணுச்சி உங்கள?" என்று கேட்டாள். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் அந்த டப்பாவை அங்கேயே நின்றபடி காலி செய்தேன்.

அன்றிலிருந்து நான் யாரிடமும் 'வேறு மாத்திரை போடுகிறீர்களா' என்று கேட்டதில்லை. தினமும் போடுவது மக்கள் மனதில் மாத்திரையே கிடையாது. அது பல் துலக்குகிற மாதிரி, காபி குடிக்கிற மாதிரி. 'காலையில் எழுந்ததும் என்ன போடுவீர்கள், படுக்கும்முன் என்ன போடுவீர்கள்' என்றுதான் கேட்பேன். சந்தேகம் வந்தால் பையை அப்படியே கவுன்டரில் கொட்டச் சொல்வேன்.

ஓய்வு பெற்ற பிறகு திருநின்றவூரில் மகள் வீட்டோடு வந்துவிட்டேன். போன மாதம் முழங்கால் வலி உயிரை எடுத்தது. தெருமுனையில் இருக்கிற மருந்துக் கடைக்குப் போய் ஒரு வலி மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். கவுன்டரில் ஒரு பெண், மடிப்புக் கலையாத புதுக் கோட்டு. ரயில் வந்துவிட்டுப் போன நேரம், என் பின்னால் ஏழெட்டுப் பேர்.

"வேற ஏதாச்சும் மாத்திரை போடறீங்களாம்மா?" என்றாள்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

பின்னால் நின்றவர் செருமினார். அவள் பட்டையை எடுத்தவள், கத்தரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "காலைல எழுந்ததும் தெனம் இன்னா போடுவீங்க?"

எனக்கு ரத்தக் கொதிப்பு வந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த மாத்திரையோடு இந்த வலி மாத்திரை சேரக்கூடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதை எத்தனை பேருக்குச் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பேன். அன்று காலையிலும் எட்டு மணிக்கு என் மாத்திரையை நானே பிரித்து நானே போட்டுக்கொண்டுதான் வந்திருந்தேன்.

"பிரஷர் மாத்திரை" என்றேன், கன்னியம்மாவின் மகன் சொன்ன அதே குரலில்.

அவள் பட்டையை டிராயரில் போட்டு மூடினாள்.